அப்பாவைப் பச்சோந்தியாக்கிய முப்பத்தோரு அத்தியாயங்கள்

மனிதனை மிருகமாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சட்டையைக் கிழித்தால் போதும். நான் எழுதிக்கொண்டிருந்த கதைச் செயலியில் அப்போது எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். டிவி சீரியல் கதாநாயகனைப் பௌர்ணமியன்று மொட்டை மாடிக்கு அனுப்பி, கண்ணை மஞ்சளாக்கி, சட்டையைக் கிழித்து ஓநாயாக்கிவிடுவார்கள். (ஓநாயான பிறகும் கதாநாயகியை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடும். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கோவைப் பக்கத்து ஆட்கள்.) அடுத்த அத்தியாயத்தில் ஓநாய் மறுபடி மனிதனாகி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகும்.

இப்படி அடுத்தவர் சீரியலில் வரும் ஆட்களை வைத்து நாமாக ஒரு கதை எழுதுவதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். நானும் எழுதினேன், 'வெண்பனி வாசுகி' என்ற பெயரில். மீசை வைத்த, இருபத்தாறு வயதான, கோவை கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கொட்டேஷன் டைப் அடிக்கிற வெண்பனி வாசுகி. இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைவிட மோசமானது.

எனக்கு ஓநாய்க்காரர்கள் மேல் ரொம்ப இளக்காரம். உருமாற்றம் என்பது சட்டை சமாசாரம் இல்லை, குணச் சமாசாரம் என்பது என் கொள்கை. ஒரு மனிதன் வீட்டில் யாருக்கும் தெரியாமல், மெல்ல மெல்ல, தன் குணத்துக்குத் தக்க பிராணியாக மாற வேண்டும். 'அட, இந்தாள் முதலிலிருந்தே இதுதானே' என்று வாசகர் கடைசியில் திடுக்கிட வேண்டும். இந்தக் கொள்கையை மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாத டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். உலக இலக்கியத்தைத் திருத்தப்போகிற மிதப்பு எனக்கு.

நான் எடுத்துக்கொண்டது அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சீரியலின் மாமனார் ராஜரத்தினத்தை. மூன்று மருமகள்களிடம் மூன்று விதமாகப் பேசும் பேர்வழி. பச்சோந்திக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆள். ஆனால் என் பச்சோந்தி நிறம் மாறாது, அதெல்லாம் மட்டமான உத்தி. நடையில் மாறும், கையில் மாறும், முகத்தில் மாறும். பச்சோந்தி ஓர் அடி வைப்பதற்குள் நாலு தடவை முன்னும் பின்னும் ஆடுவதை வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அந்த ஆட்டம் ஒரு மனித உடம்பில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பார்த்து எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. ஹாலில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா லேத்துக்காரர். வீட்டுக்குப் பின்னாலேயே சின்னப் பட்டறை. அவர் கடைந்து கொடுத்தால் யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். அதிகம் பேசாத மனிதர், பேசினால் பேசினதுதான். ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, மடியில் சும்மா கிடந்த அவருடைய வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத விபூதியை உருட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்றாம் அத்தியாயம் கிடைத்துவிட்டது!

அதற்கப்புறம் நான் அப்பாவை விட்டு நகரவே இல்லை. 'பையன் இப்பெல்லாம் அப்பாகூடவே உக்கோந்துக்கறான்' என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. பருப்பு அடிப்பிடித்து வீடு முழுக்கக் கருகல் வாடை, அப்பா பாட்டுக்குப் பேப்பர் படித்தார். ஏழாம் அத்தியாயம்: ராஜரத்தினத்துக்கு மோப்பம் போய்விட்டது. டெலிவரி சீட்டில் அப்பாவின் கையெழுத்து மாதாமாதம் சிறுத்து எறும்பு மாதிரி ஆனது. பத்தாம் அத்தியாயம். பட்டறைக்குப் போகும்போது வாசப்படியில் கால் ஒட்டிக்கொண்டதைப் போல நின்று, இரண்டு தடவை ஆடிவிட்டுத்தான் தாண்டினார். பன்னிரண்டு. முகத்தில் சிரிப்பு குறைந்தது. கண் சிமிட்டுவதும் குறைந்தது.

பதினாலாம் அத்தியாயத்தைத்தான் இன்றைக்கும் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்தேன். ஆறு நிமிஷம். ஐந்து பொத்தானுக்கு ஆறு நிமிஷம். எழுந்து போய்ப் போட்டுவிடலாம் என்று இந்தக் கூமுட்டைக்குத் தோன்றவே இல்லை. எத்தனை நிமிஷம் என்பது கதைக்குத் தேவையாக இருந்தது.

அந்த அத்தியாயத்துக்கு வாசகிகள் உருகித் தீர்த்தார்கள். 'எப்படிக்கா இவ்ளோ நுணுக்கமா எழுதறீங்க?' என்று கேட்டார்கள். (அக்கா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.) நடுவில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். தான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றும், இதைப் படித்தால் பச்சோந்தி மாதிரித் தெரியவில்லை என்றும், வீட்டில் யாரையாவது பார்த்து எழுதுவதாக இருந்தால் உடனே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றும். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'மிக்க நன்றி சகோதரி! முழுக்க முழுக்கக் கற்பனையே!' என்று பதில் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தேன்.

இது நடந்து நாலு மாதத்தில் என் தங்கைக்கு வரன் அமைந்தது. வீட்டில் அவளைப் பாப்பா என்போம். மாப்பிள்ளை வீடு கோபிசெட்டிபாளையம். நல்ல குடும்பம், பாப்பாவுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டு ஹாலில் வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்வதாக ஏற்பாடு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, தேங்காய் வைத்த தட்டை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மாற்றிக்கொள்வார்கள். அதோடு பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் பின்வாங்க மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அதனால் அவர் தாய்மாமன் எதிரே நின்றார். தொப்பை, வெள்ளை வேட்டி, எல்லாம் தெரிந்த முகம்.

அப்பா தட்டைத் தூக்கியதும் அது கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் ஆட்டம் கூடிக்கொண்டே போனது. பாக்கு சிதறியது. அடுத்து தேங்காய் உருண்டு தாய்மாமன் கால் விரலில் விழுந்து, அங்கிருந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. உறுதி வார்த்தையில் தேங்காய் கீழே விழுந்தால் பொம்பளைகள் எப்படி மூச்சை இழுப்பார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அப்பா ஏதோ சொன்னார். குரல் குழறிக்கொண்டு வந்தது, யாருக்கும் புரியவில்லை. தாய்மாமன் கிட்டே வந்து மோந்து பார்த்தார். பிறகு நிதானமாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"ஏனுங்க, காத்தாலயே ஊத்திட்டீங்களாட்ட இருக்குதுங்க. நல்ல காரியத்தன்னைக்காச்சும் சும்மா இருந்திருக்கலாமுங்களே."

என் அப்பா வாழ்நாளில் இருமல் மருந்தைக்கூட மூடியில் அளந்துதான் குடித்தவர். அவர் முகத்தில் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முகம்தான் ஏற்கெனவே போய்விட்டதே. கல்லு மாதிரி நின்றார். அதைப் பார்த்து, 'ஒரு வெக்கங்கூட இல்லை பாருங்க' என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். பாப்பா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். குடிகாரன் மகள் என்று கோபி வரைக்கும் ஒரு பேச்சுப் போய்விட்டால் அவளுக்கு இந்த வரன் மட்டுமில்லை, எந்த வரனும் லேசில் வராது.

அவர் குடிக்க மாட்டார் என்று அம்மா அழுதாள். எல்லாக் குடிகாரன் வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றார் தாய்மாமன். நான் முன்னால் போய், அப்பாவுக்குக் கை ஆடுவது ஏழு மாதமாகவே இருக்கிறது, காலையில், மத்தியானம், எப்போதும் இருக்கிறது என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. அப்பா எல்லாரிடமிருந்தும் கையைத் துண்டுக்குள் ஒளித்துவைத்திருந்தார். தாய்மாமன் விடவில்லை.

"பொண்டாட்டிக்கே தெரியலையாமா, உங்களுக்கு மட்டும் எப்படித் தம்பி மாசக் கணக்கா தெரியுது?"

"எழுதி வெச்சிருக்கறனுங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் வேறு வழியும் இல்லை. படிக்கச் சொன்னார்கள். நாற்பது பேர் நடுவில், பட்டு வேட்டியில், செல்போனைக் கையில் பிடித்து, 'பச்சைப் பனியில் ஒரு மாமனார், அத்தியாயம் மூன்று, எழுதியவர் வெண்பனி வாசுகி' என்று ஆரம்பித்தேன். வெண்பனி வாசுகி யார் என்று கேட்டார் தாய்மாமன். நான்தான் என்றேன். சின்னப் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

இல்லாத விபூதியை உருட்டும் விரல்களைப் படித்தேன். மோப்பம், கையெழுத்து, வாசப்படி எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே செயலி தேதி போட்டிருந்தது. எல்லாத் தலையும் செல்போனைப் பார்த்து, அப்பாவின் கையைப் பார்த்து, மறுபடி செல்போனுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. 'நம்ம சீரியல் ராஜரத்தினமுங்களா?' என்று ஒரு கிழவி ஆவலாகக் கேட்டார். பதினாலாம் அத்தியாயத்தில், இரண்டாம் பொத்தானோடு நிறுத்திவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து செல்போனை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை அவரே சத்தமாகப் படித்தார். பொத்தான் முடிந்ததும் விரலால் தள்ளிக் கீழே போனார். அங்கே வாசகர் கருத்துகள் இருந்தன. வேண்டாங்க என்று நான் சொல்வதற்குள் அந்த நர்ஸ் எழுதியதைப் படித்துவிட்டார். என் பதிலையும் படித்தார். சிரிப்புப் பொம்மையை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசத்துக்கு முந்தியே சொல்லியிருக்குது ஒரு புள்ள. கூட்டிட்டுப் போகலையா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஹாலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். குடிகாரன் என்று சொன்னபோது அப்பாவைப் பார்த்த பார்வையைவிட அது கேவலமாக இருந்தது. அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் தம்பியான தாய்மாமனைப் பார்த்தார். "மன்னிப்பெல்லாம் கேட்டு நிக்க வேண்டாம். குனிஞ்சு அந்தத் தேங்காய எடு" என்றார். தொப்பையோடு தாய்மாமன் தரையில் படுத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. இரண்டாவது தடவை தட்டு மாற்றும்போது அப்பாவின் கைக்கு அடியில் மாப்பிள்ளையே தன் கையைக் கொடுத்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரி. டாக்டர் அப்பாவை நடக்கவிட்டார், விரலைத் தட்டவிட்டார், எழுதச் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு நான் செல்போனை நீட்டினேன். அவர் பொறுமையாக முழுக்கப் படித்துவிட்டு, பார்க்கின்சன் நோயை இவ்வளவு தெளிவாக யாரும் வந்து சொன்னதில்லை என்று பாராட்டினார். இதை மருந்தால் கட்டுப்படுத்தலாம், குணமாக்க முடியாது என்றும் சொன்னார். அப்புறம், முன்னாடியே வந்திருந்தால் இத்தனை மாதம் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார் என்றார். அது ஒன்றைத்தான் நான் இன்றுவரை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

மருந்துக்காக வெளியே காத்திருந்தபோது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நான் எப்ப நிறம் மாத்துனேன்?"

"அது நீங்க இல்லீங்கப்பா. அது சீரியல்ல வர்ற ராஜரத்தினமுங்க."

"பொத்தான் போட்டது நாந்தானே?"

குணத்துக்குத் தக்க பிராணி என்று கொள்கை பேசினேனே, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் மிருகம் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சட்டை கிழியவும் இல்லை, நன்றாக இஸ்திரி போட்டிருந்தது.

கதை முப்பத்தொன்றோடு நின்றுபோனது. ராஜரத்தினம் எப்போது மறுபடி மனிதராவார் என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். நான் பதில் போடுவதில்லை. பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகி ஐந்து வருஷமாகிறது. அப்பா லேத்தை விற்றுவிட்டார். காலையில் அவருக்குப் பொத்தான் போட்டுவிடுவது என் வேலை, அரை நிமிஷம்கூட ஆகாது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு நக்கல் மட்டும் மிச்சம். நான் யாரையாவது கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டால் போதும், 'எழுதறியா, இல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?' என்று கேட்பார்கள். ஆரம்பித்து வைத்ததே அப்பாதான். மாப்பிள்ளை இருமினாலும் கேட்பார், பக்கத்து வீட்டு நாய் நொண்டினாலும் கேட்பார். முகம் அப்படியேதான் இருக்கும், தோள் மட்டும் குலுங்கும்.

போன மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேஸ் புக் பண்ணியாச்சா என்று அம்மா கேட்டாள், பண்ணியாச்சு என்றேன். ரசம் ஊற்றும்போது அதையே கேட்டாள். மோருக்கு வந்ததும் மறுபடி, புதிதாகக் கேட்பது போலவே கேட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்த நக்கலை விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் வரிசையில் நான்தான் முதல் ஆள்.