போட்டவன் முதலில் ஏறட்டும்

ஆகாயத்தைப் பார்த்துத் திட்டுவதற்கென்றே பிறந்த மனிதர் மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் பத்து பெரண்டாமில், எங்கள் தாமான் குடியிருப்பில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியே இருந்தார். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் சைன் மாமா.

படையில் விமானம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த முகாம் என்று கேட்டால், "உயிரோட வெளிய வந்த முகாம்" என்பார். வெளியே வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கண்ணில் படுகிற இயந்திரத்தையெல்லாம் குனிந்து, தட்டி, முகர்ந்து பார்ப்பார். சரியாக இருந்தால் சட்டைப்பையிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து, அதன் மேலேயே கையெழுத்துப் போட்டு, அடுத்த சோதனைக்குத் தேதியும் எழுதிவிடுவார். பள்ளிக்கூட வேன், கோயில் ஜெனரேட்டர், கல்யாணக் கார் எதுவும் தப்பாது. மாப்பிள்ளைக்கு மட்டும்தான் போடவில்லை. "உள்ள திறந்து பாக்காம நான் சைன் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

என் கப்சாய் மோட்டார்சைக்கிளின் மட்கார்டில் அவர் போட்டதை நான் தின்னர் வைத்துத் துடைப்பேன். மறுவாரமே திரும்பப் போடுவார்.

தலைக்கு மேல் பழைய ராணுவ விமானம் போனால் போதும், தே தாரேக் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

"போவுது பாரு கெழடு! ஓட்டுறவனுக்கு அப்பன் வயசு."

"நல்லாத்தானே பறக்குது லா, மாமா?"

"பறக்குதா? விழ மறந்துட்டுப் போவுதுடா. நாலு பிளேன் இருக்குன்னு மேடையில பேசுவானுங்க. ஒன்னு பறக்கும், மூணு அதுக்குத் தீனி. இதுலேருந்து ஒரு போல்ட், அதுலேருந்து ஒரு பம்ப். புதுசு கேட்டா, அத செஞ்ச பேக்டரியே மூடியாச்சுன்னுவான். அப்பறம் பெயிண்ட் அடிச்சி, மாலை போட்டு, ஆயுள நீட்டிச்சாச்சுன்னுவான். நீட்ட இவன் என்ன எமனுக்கு மச்சானா?"

நகரத்தில் காட்சிக்கு நிறுத்தி வைத்திருந்த பழைய விமானம் ஒன்றைக் காட்ட ஒருமுறை அவரை அழைத்துப் போனேன். சுற்றிச் சுற்றி வந்தவர் சக்கரத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"இதுக்கு மட்டும் எப்படி மாமா?"

"இப்பதான்டா இது சேஃப். இனிமே பறக்காது."

போன வருஷம் எங்கள் பக்கம் ஒரு விமானக் கண்காட்சி நடந்தது. அதிர்ஷ்டக் குலுக்கலில் ஜெயித்தவர்களுக்குப் பழைய படை விமானத்தில் மலாக்காவை ஒரு சுற்று. வாழ்க்கையில் ஒரு பக்கெட்கூட ஜெயிக்காத எனக்கு அது விழுந்தது! மனைவி புதுச்சட்டை எடுத்துத் தந்தாள். பறப்பதற்கு முதல் நாள் மாமா வந்தார்.

"போவாதடா. அது நான் வேல பாத்த மெஷின். ரெக்கைக்குள்ள எத்தன ஒட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குப் பொறாம மாமா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் புதுச்சட்டையோடு வரிசையில் நிற்கிறேன். வேலிக்கு வெளியே இருந்து மாமாவின் பட்டாளத்துக் குரல்.

"யாரு சைன் போட்டது? போட்டவன் மொதல்ல ஏறட்டும்!" அதையே மலாயிலும் ஒருமுறை கத்தினார், யாருக்கும் புரியாமல் போய்விடக்கூடாதென்று.

அவர் காலத்தில் அது வழக்கமாம். பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் தானும் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று போய் வர வேண்டும். அதிகாரி சிரித்துக்கொண்டே மெக்கானிக்கைப் பார்த்து ஏறச் சொன்னார். மெக்கானிக் தன் பூட்ஸைப் பார்த்தார். ஏணியில் ஒரு காலை வைத்தார். எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தவர், நடந்தவர்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அறிவித்தது: வானிலை சரியில்லை, பயணம் ரத்து. வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. ஆளுக்கொரு தொப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தாமானே மாமாவைத் திட்டியது. அதிகச் சத்தம் என்னுடையதுதான்.

"ஒன்னும் ஆயிருக்காது மாமா! எத்தன வருஷமா போயிட்டுப் போயிட்டு வருதுல்ல?"

"திரும்பி வந்துட்டா நல்லாருக்குன்னு அர்த்தமில்லடா. இன்னிக்கு விழலன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு என் மோட்டார்சைக்கிள் பக்கத்தில் குனிந்தார். செயினைத் தட்டினார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். நான் திட்டத் திட்ட மட்கார்டின் ஒரு மூலையில் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியும் எழுதினார்.

அந்தத் தேதி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கிழட்டு விமானம் மட்டும் இன்னும் பறக்கிறது. போன வாரம்கூட எங்கள் தலைக்கு மேலே இருமிக்கொண்டு போனது. தே தாரேக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் ஓயும்வரை அவர் பங்குக்கும் சேர்த்துத் திட்டினேன்.

இப்போது வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். மோட்டார்சைக்கிளுக்குத் தேதி தாண்டிவிட்டது. சைன் போட ஆளில்லை. விற்கவும் மனசு வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளிக் கழுவுகிறேன், மட்கார்டின் அந்த மூலையில் மட்டும் தண்ணீர் படாமல்.