நாற்பது பெட்டியும் நாலு போல்ட்டும்

அன்பு மாமாவுக்கு அக்கா மகள் அடிவாரத்திலிருந்து எழுதுவது:

முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உங்கள் முழங்கால், காவல் கோபுரத்தின் நூற்றுப் பன்னிரண்டு படிகள், தொலைநோக்கி ஆகிய மூன்றும் நலம்தானே? இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் நலம், தேனீக்களும் நலம். ஆனால் இந்த நலங்களுக்கெல்லாம் நாளைக் காலை ஆறு மணி வரைக்கும்தான் என்னால் பொறுப்பேற்க முடியும். காட்டில் எங்கே புகை எழுந்தாலும் முதலில் பார்த்துச் சொல்வது உங்கள் உத்தியோகம். இங்கே புகை எழுந்துவிட்டது மாமா. உங்கள் மேட்டில் போன் எடுக்காது என்பதால் கடிதத்தில் சொல்கிறேன். இப்போது மணி நாலேகால். ஐந்தரைக்குப் பால் வண்டி மேலே வரும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கோபிக்காதீர்கள்.

நாளை ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கீழே பழத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். போன வருடம் அடித்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. பதினோரு பெட்டித் தேனீக்கள் செத்துப்போயின. அந்தப் பதினோரு வெறும் பெட்டிகளையும் அம்மா இன்னும் கொல்லைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறாள். தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டால் "இருக்கட்டும்" என்பாள், அவ்வளவுதான். மீதி நாற்பது பெட்டி இருக்கிறது. இன்று இருட்டியதும் தேனீக்கள் உள்ளே அடங்கிவிடும். வாசலை அடைத்து, விடியும்போது பிக்கப்பில் ஏற்றி, உங்கள் கோபுரத்தைத் தாண்டி மேலே இருக்கும் புல்வெளியில் வெயில் ஏறும் முன் திறந்துவிட வேண்டும். அடைத்த பெட்டி வெயிலில் நின்றால் தேனீக்கள் உள்ளேயே வெந்துபோகும். வேறு வண்டி கேட்டுப் பார்த்தோம். தேனீ என்று சொன்னதும் ஊரில் இருக்கிற அத்தனை டிரைவர்களுக்கும் அவசர வேலை வந்துவிட்டது. ஆக, எல்லாம் அப்பாவின் பிக்கப்பை நம்பித்தான் இருக்கிறது. அந்த பிக்கப்பை நம்ப முடியாது என்பதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கோபுரத்தடியில் தார் ரோடு முடிந்து, அதற்கு மேல் போகும் மண் பாதையில் கல் தட்டுகிறது என்று ஒன்றரை மாதத்துக்கு முன் அப்பா வண்டிக்குப் பெரிய டயர் போட்டார். பழையது இருபத்தெட்டு அங்குல உயரம், புதியது முப்பத்து மூன்று. கல் தட்டவில்லை. ஏனென்றால் கல் இருக்கிற இடம் வரைக்கும் வண்டி ஏறவில்லை. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், அதனால் எஞ்சினுக்கு இழுக்கச் சக்தி போதாது. நம் தெருமுனைச் சரிவிலேயே அது மாடிப்படி ஏறும் தலைமையாசிரியர் மாதிரி நின்று நின்று மூச்சு வாங்கியது. அம்மா சீட்டில் ஏறுவதற்கே ஸ்டூல் தேவைப்பட்டது. ஸ்டூலில் நின்றபடி அம்மா சொன்னாள், "உங்க வண்டி வளர்ந்துடுச்சு. அறிவுதான் அப்படியே நிக்குது." யாருடைய அறிவு என்று அப்பா கேட்கவில்லை.

பிறகு இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலில் பல்சக்கரத்தை மாற்றினால்தான் வழி என்று ஷிம் அண்ணன் சொன்னார். ஷிம் அண்ணன் என்பவர் நம் மெக்கானிக். பல்சக்கரங்கள் சரியாகப் பொருந்துவதற்கு நடுவே வைக்கும் மெல்லிய தகட்டுக்கு ஷிம் என்று பெயர். "இன்னும் ஒரே ஒரு ஷிம்மு போட்டா அமைஞ்சிடும்" என்று அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார், எங்கள் வீட்டு ஆடும் மேஜைக்கும் சேர்த்து. எந்த அளவுப் பல்சக்கரம் என்று மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. எஞ்சினிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் அந்த அளவு. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். அப்பா ஐந்துக்கு மேல் வேண்டும் என்றார். அம்மா நாலரை போதும், அதற்கு மேல் போனால் எஞ்சின் இரைச்சலில் தேனீக்கள் மிரளும் என்றாள். நான் பழைய அளவான 4.10-ஐ முப்பத்து மூன்றால் பெருக்கி இருபத்தெட்டால் வகுத்து 4.83 என்று எழுதிக் காட்டினேன். கடையில் அதற்குப் பக்கத்தில் கிடைப்பது 4.88. அப்பா நோட்டைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, "இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். "வகுத்தல்" என்றேன்.

அடுத்து டிஃபரன்ஷியல் சண்டை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாதம் முழுதாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இரண்டு பேர் கைகோத்து ஒரு வளைவில் ஓடினால் வெளிப்பக்கத்தில் இருப்பவர் அதிக தூரம் ஓட வேண்டும். சக்கரங்களும் அப்படித்தான், அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற அனுமதிப்பது டிஃபரன்ஷியல். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால், வழுக்குகிற சக்கரத்தையே சுற்றிவிட்டு, பிடிப்போடு நிற்கிற சக்கரத்தைச் சும்மா விட்டுவிடும். எங்கள் வகுப்பில் குழுவாகச் செய்யும் வேலைக்கு மதிப்பெண் போடுவதும் இதே முறையில்தான். இதற்கு மாற்றுத்தான் பூட்டு. பூட்டு விழுந்தால் இரண்டு சக்கரமும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒன்றாகவே சுற்றும், ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றதும் நிற்கும். அப்பா முன்னாலும் பின்னாலும் பூட்டு வேண்டும் என்றார். "முன்னாடி பூட்டுனா ஸ்டியரிங் திரும்பாதுண்ணே, நேரா பள்ளத்துக்குத்தான் போகும்" என்றார் ஷிம் அண்ணன். "பள்ளத்துக்குப் போறதுக்கு இவருக்குப் பூட்டெல்லாம் வேணாம்" என்றாள் அம்மா. கடைசியில் பின்னால் மட்டும் பூட்டு. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது, இழுத்தால் பூட்டு விழும்.

நாலு நாளில் வேலை முடிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஷிம் அண்ணன் கை கழுவிக்கொண்டு அவர் மச்சினன் ஊருக்குப் போய்விட்டார், திங்கள்கிழமைதான் வருவார். அப்பா தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் இரைகிறதே என்றேன். "சந்தோஷத்துல பாடுது" என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் கைப்பிடியை இழுத்துக் காட்டினார். அம்மா "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வண்டி அப்படியே நின்றது.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சோதித்தேன். யாரும் சொல்லவில்லை, ஆனால் யாராவது சோதிக்க வேண்டாமா? முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் ஃபோர் வீல் லிவரைப் போட்டதும் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் போக நினைக்கும், அந்த இழுபறியில் நடுவில் இருக்கும் ஏதாவது ஒன்று உடையும். நீங்கள் எனக்குக் கொடுத்துப்போன, அட்டையில்லாத, முப்பது வருடப் பழைய வொர்க்‌ஷாப் புத்தகத்தில் வழிமுறை இருக்கிறது: ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணு. டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸில் கோடு போட்டேன். முன்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது நாங்கள் வாங்கிய 4.88. சரி. பின்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கினால் அது அசையவே இல்லை. புது வேலை, இறுக்கமாக இருக்கிறது போலும் என்று இன்னொரு ஜாக்கி வைத்து இரண்டையும் தூக்கி, புத்தகம் சொன்னபடி இரண்டு சுற்று சுற்றினேன். பத்துக்குச் சற்றுக் குறைவு! மூன்று தடவை எண்ணினேன் மாமா. மூன்று தடவையும் பத்துக்குச் சற்றுக் குறைவு. முன்னால் ஐந்து, பின்னால் பத்து. கடைக்காரர் ஏதோ டிராக்டருக்கான பல்சக்கரத்தைக் கொடுத்திருக்கிறார், அப்பாவும் ஷிம் அண்ணனும் பார்க்காமல் மாட்டியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். நேற்று ஒரு தடவை, இன்று காலை இரண்டு தடவை. "அம்மாடி, நோட்டுல வண்டி ஓடாது, ரோட்டுலதான் ஓடும்" என்றார். "ரோட்டுல உடைஞ்சா?" என்றேன். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பெட்டி கட்டும் கயிற்றை அளக்கப் போய்விட்டார். அம்மாவிடம் சொல்லலாம் என்று போனேன். அம்மா ஒவ்வொரு பெட்டியாகக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டாவது பெட்டியில் இருந்தாள். என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் நானே ஒரு முடிவெடுத்தேன். முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டை நாலு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டால் லிவரை எப்படிப் போட்டாலும் ஃபோர் வீல் வேலை செய்யாது, எதுவும் உடையாது. இன்று காலை அப்பா கடைக்குப் போன நேரத்தில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். பதினாலாம் நம்பர் ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி, அதைக் காலால் உதைத்து உதைத்து நாலையும் கழற்றினேன். ஷாஃப்ட் தொங்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபால் மேலே இறுக்கிக் கட்டினேன். வீட்டில் வைத்திருந்தால் அப்பா கண்டுபிடித்து மாட்டிவிடுவார் என்பதால், பன்னிரண்டு மணிப் பால் வண்டியில் வந்த பிஸ்கட் டின்னில் நீங்கள் பார்த்த நாலும் அவைதான். மன்னிக்கவும், உள்ளே பிஸ்கட் இல்லை. பால் வண்டிக்காரர் டின்னைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, பிஸ்கட்டா கருங்கல்லா? இப்படிக் குலுங்குது?" என்றார்.

"கெட்டி பிஸ்கட்டு அண்ணே."

"அம்மா சுட்டதா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

இனி உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாளைக் காலை ஆறு மணிக்கு நாங்கள் கோபுரத்தடிக்கு வருவோம். தார் ரோடு வரை பிரச்சினை இல்லை. அங்கே அப்பாவை நிறுத்துங்கள். மேலே விடாதீர்கள். உங்கள் ஜீப்பில் பத்துப் பத்துப் பெட்டியாக நாலு நடையில் ஏற்றிவிடலாம். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "மச்சான், என் வண்டியப் பத்தி உனக்குத் தெரியாது" என்பார். என் எண்ணிக்கையைக் காட்டுங்கள், இதோடு இணைத்திருக்கிறேன். அவருக்கு எண்கள் புரியாவிட்டாலும் நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு பெட்டிகூட அம்மாவின் சுவரோரத்துக்குப் போகக் கூடாது.

அம்மா உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள், நான் கேட்டிருந்தால். அப்பா தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்லியிருப்பார், இப்படி ஒரு கடிதம் போவது தெரிந்திருந்தால். எனக்கு வேண்டிய ஆசீர்வாதத்தை நாளை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு, எதற்கும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன் என்று நீங்கள் வைத்த பட்டப்பெயருக்கு இன்னும் பொருத்தமாகவே இருக்கும்,
அடிக்குறிப்பு

பி.கு.: பால் வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்ததால், பிழை திருத்துவதற்காகக் கடிதத்தை மேலிருந்து படித்தேன். ஒற்றுப்பிழைகள் இரண்டு இருந்தன, திருத்திவிட்டேன். மூன்றாவது பிழையைத் திருத்த முடியவில்லை. "ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றதும் நிற்கும்" என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதிய எனக்கே உறைக்கவில்லை. அப்பா அன்று இழுத்துக் காட்டிய கைப்பிடியை யாரும் திரும்பத் தள்ளவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன், இப்போதும் இழுத்தபடியே இருக்கிறது. பூட்டு விழுந்திருந்ததால்தான் பின்சக்கரம் ஒற்றையாக அசையவில்லை. பூட்டில்லாத ஆக்சிலில் ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது நாம் சுற்றுவதில் பாதிதான் ஷாஃப்டுக்குப் போகும். அதற்காகத்தான் புத்தகம் இரண்டு சுற்று கேட்டது. பூட்டிய ஆக்சிலுக்கு ஒரு சுற்றே போதும். நான் இரண்டு சுற்றினேன். பத்தில் பாதி ஐந்து. முன்னாலும் ஐந்து, பின்னாலும் ஐந்து. டிராக்டர் எதுவும் இல்லை. அப்பா சரி, ஷிம் அண்ணன் சரி, கடைக்காரர் சரி. இந்த வண்டியில் இப்போது பழுதாக இருப்பது நான் கழற்றிய இடம் ஒன்றுதான்.

ஆகவே மாமா, தயவுசெய்து அப்பாவைக் கோபுரத்தடியில் நிறுத்துங்கள். அது மாறவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது. ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நான் அடியில் போய் நாலு போல்ட்டையும் மாட்டிவிடுகிறேன். இருபது நிமிடம் போதும், வெயில் ஏறாது. டின்னைத் தயாராக வைத்திருங்கள்.

இன்னும் ஒன்று. நாளைக்கு வேண்டுமே என்று பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுக்கப் போனேன். மாட்டிவைத்த ஆணியில் அதைக் காணோம். திரும்பி வந்து பார்த்தால் என் ஜியோமெட்ரி பெட்டியின் மேல் இருக்கிறது. அடியில் ஒரு துண்டுச் சீட்டு. அப்பாவின் கையெழுத்து: "பால் வண்டிக்காரர் டின்னு குலுங்குன கதைய தெருவெல்லாம் சொல்லிட்டாரு. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். மாமாகிட்ட நாலையும் எண்ணி வாங்கு. கழட்டுனவதான் மாட்டணும். நான் டார்ச் புடிக்கிறேன்."

அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்து: "அந்த பிஸ்கட்ட நான் சுட்டேன்னு ஏண்டி சொன்ன?"