சம்பந்தம் டைப் அடித்த கதை

"மாமா, இது ரொம்ப ஸ்பீடு. மூச்சு விடறதுக்குள்ள ஒரு பக்கத்தை அடிச்சிடுச்சு. மாட்டிக்குவீங்க," என்றான் மச்சான் லோகேஷ்.

திருஞானசம்பந்தம் திருதிருவென்று விழித்தார். இன்னும் சற்று நேரத்தில் வீடியோவில் பரீட்சை. பட்டுச்சேலைக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. முட்டி தேய்ந்துவிட்டது, இனி தறியில் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுவும் கிடைக்காவிட்டால் வாலாஜாபாத்தில் மாமனாரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். மாமனார் சும்மா மடிக்க விடுகிற ஆசாமியா? பொட்டலத்துக்கு ஒரு புத்திமதி சொல்வார்.

சம்பந்தமோ கீபோர்டில் ஓர் எழுத்தைத் தேடி எடுப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால்தான் லோகேஷ் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ கட்டளை எழுதி வைத்திருந்தான். கம்பெனி தரும் பாடத்தை அதில் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். மனுஷன் அடிப்பது போலவே எழுத்தெழுத்தாகத் தானே அடிக்கும்.

"வேகத்தைக் குறைப்பா."

குறைத்தான். "இப்ப தப்பே வரலியே மாமா. மனுஷன்னா தப்பு வரணுமில்ல?"

தப்பையும் சேர்த்தான். சேலை 'சோலை' ஆகி, அழிந்து, மறுபடி சேலை ஆயிற்று.

"நடுவுல களைச்சுப்போய் நிக்கிற மாதிரியும் வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பரீட்சை தொடங்கியது. சம்பந்தம் பாடத்தைப் போட்டார், பட்டனைத் தட்டினார். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் திரையில் இருந்த கம்பெனி மேனேஜர் சுகாசினி கேட்டாள்: "சார், கேமராவைக் கொஞ்சம் கை பக்கம் திருப்புங்க."

திருப்பினார்.

"கை சும்மா இருக்குது. எழுத்து மட்டும் வந்துக்கினே இருக்குதே?"

"பழைய கம்ப்யூட்டர்மா. லேட்டாத்தான் காட்டும்."

சொல்லிவிட்டு விரல்களைத் தடதடவென்று ஓட்டினார். அந்த நேரம் பார்த்துக் கறுப்புத் திரைக்குக் களைப்பு வந்துவிட்டது.

"இப்ப கை ஓடுது. எழுத்தைக் காணோம்."

"இது... முன்னாடியே காட்டிடுச்சு போலிருக்குதும்மா."

சுகாசினி கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "சார், எல்லாத்தையும் நிறுத்துங்க. விட்ட இடத்துல இருந்து நிதானமா நீங்களே அடிங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

நிறுத்துவதற்கென்று மச்சான் சொல்லித் தந்த இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினார். திரை அசையவில்லை. அப்பாடா. குமரக்கோட்டத்து முருகா, இந்தத் திருட்டு வேலையே வேண்டாம், வந்தது வரட்டும் என்று குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கத் தொடங்கினார்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

இதை நாமா அடித்தோம்? அவருக்கே குழப்பம். ஓர் எழுத்தைத் தவறாக அமுக்கியதாக நினைவு; திரையிலோ சரியாக விழுந்திருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். தறிமேல் ஜக்கார்டு பெட்டியில் டிசைன் அட்டையைக் கோத்துவிட்டால், நாம் பாட்டுக்கு மிதிக்க மிதிக்கச் சேலையில் மயிலும் அன்னமும் தாமே விழுவதில்லையா? டைப்பும் அப்படித்தான் போலிருக்கிறது, கை வைத்தால் வந்துவிடும். தைரியம் வந்தது. மேஜைக்கடியில் தேய்ந்த முட்டியும் சேர்ந்து மிதிக்க ஆரம்பித்தது.

"ஆங், இதான் சார்," என்றாள் சுகாசினி. "தப்பு பண்றீங்க, அழிக்கிறீங்க, திருப்பி அடிக்கிறீங்க. காலையிலிருந்து வந்தவங்க எல்லாம் ஏதோ சாஃப்ட்வேரை வெச்சு ஏமாத்துறாங்க. நீங்க திங்கட்கிழமை ஆபீஸ் வந்துடுங்க. முதலாளி எதிர்லயே உங்களுக்கு டேபிள்."

சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் விரல்களைத் தானே ஆசையாகப் பார்த்துக்கொண்டார்.

"தேவி, வேலை கிடைச்சிடுச்சும்மா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "உன் தம்பியோட கட்டளை கிட்டளை ஒண்ணும் இல்ல. நானே அடிச்சேன். உங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லு."

துர்காதேவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேஜைக்கடியில் குனிந்தாள்.

"இருங்க, போன் இங்கதான் கிடக்குது. தானா அடிக்கும்னு தம்பி சொன்னானேன்னு, நீங்க பட்டனைத் தட்டினதுமே கீபோர்டு ஒயரைப் புடுங்கிட்டு அந்த ஓட்டையிலயே இதைச் சார்ஜுல போட்டுட்டேன்."