சம்மந்தியம்மாள் மடியில் ஏறிய சிப்பாய்

செஞ்சி,
ஞாயிறு மாலை.

சேசுவுக்குத் தோத்திரம்.

புதுச்சேரியில் அத்தானுடனும் அவருடைய முழங்கால் வலியுடனும் குடித்தனம் நடத்திவரும் மதிப்புக்குரிய அக்கா ஜோசப்பினுக்கு, தம்பி காஸ்பர் வணக்கத்துடன் எழுதுவது. அங்கு அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் கெட்டுவிட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். ஆகவே கடிதம்.

நீ பார்த்துவைத்த வல்லம் வரன் சாமுவேலும் அவனுடைய தாயார் எஸ்தர் அம்மாளும் இன்று பூசை முடிந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நம் எலிசபெத் வேலை பார்க்கும் சினிமாக் கம்பெனியும் இதே வாரம் செஞ்சிக்கு வந்து இறங்கியது. நாளைக் காலை சிங்கவரம் வயலில் கேமராவை வைத்து ராஜகிரியைப் படம்பிடிக்கிறார்களாம். மலை நிஜம், கோட்டை நிஜம், அதன்மேல் ஏறும் படை மட்டும் கம்ப்யூட்டரில் வருமாம். படத்தைக் கிட்டவும் எட்டவும் காட்டத் திருப்பும் லென்ஸ் வளையங்களின் ஓரத்தில் என்கோடர் என்று சின்னப் பெட்டிகளைப் பூட்டி, அதன் பல்சக்கரத்தை வளையத்தின் பல்லோடு கோத்துவிட்டால், வளையம் எவ்வளவு திரும்பியது என்று பெட்டி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அது தப்பாகச் சொன்னால் படை மலையில் நிற்காது, ஆகாயத்தில் நிற்கும். இந்தப் பெட்டிகள்தான் எலிசபெத்தின் பொறுப்பு. லாட்ஜ் அறையில் இடம் போதவில்லை என்று கேமரா, ஸ்டாண்ட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நம் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“நைனா, சாயங்காலத்துக்குள்ள இது சரியா வரலன்னா என்ன ஊருக்கு அனுப்பிட்டு வேற ஆள வெச்சிப்பாங்க” என்றாள். ஊரே இதுதானே என்றேன். அவள் சிரிக்கவில்லை. திருப்புளியைத் தேடப் போய்விட்டாள்.

பெட்டியைப் பூட்டியபின் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிக் காட்ட வேண்டும். இடையில் யாராவது இடித்தால் மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை என் வீட்டுக்காரி ஸ்டாண்டின் காலில் இடறினாள். இரண்டாம் தடவை கரண்ட் போனது. மூன்றாம் தடவை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். நம் பெண் பட்டுப்புடவையில், வாயில் ஒரு திருப்புளியைக் கவ்விக்கொண்டு, தலையை ஆட்டி வரவேற்றாள். பிறகு அதை எடுத்துவிட்டு, “வாங்க அத்தை, அந்தச் சேர்ல உக்காருங்க. நவுராதீங்க. நீங்க கொஞ்சம் செவுத்தோரம் போங்க” என்றாள். நீங்க என்றது மாப்பிள்ளையை. அவன் போய் நின்றான். செல்போன் அடித்தது, நகர்ந்தான். நிற்கச் சொன்னாள். மறுபடி நகர்ந்தான். காபி அடுப்பிலேயே இருந்தது.

இதற்கிடையில் எஸ்தர் அம்மாள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டார். அதில் நம் கூடம், அவருடைய நாற்காலி, அருகில் வாளேந்திய கம்ப்யூட்டர் சிப்பாய் ஒருவன். அம்மாள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார், யாருமில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். எலிசபெத் வளையத்தைத் திருப்பினாள். சிப்பாய் மெல்ல நழுவிப்போய் அம்மாள் மடியில் ஏறி நின்றான். அக்கா, இப்படியொரு வரவேற்பை நம் குடும்பம் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“இன்னாம்மா இது” என்றார் எஸ்தர் அம்மாள், என்னைக் கண்டுகொள்ளாமல். “கிட்ட வரச்சொல்ல ஒழுங்காத்தான் நிக்குறான். எட்டப் போவும்போதுதான் என் மேல ஏறுறான்.”

எலிசபெத் மறுபடி வளையத்தைப் பிடித்தாள். “இன்னொரு தபா பாருங்க அத்தை” என்று திருப்பினாள். திரும்பவும் ஏறினான். “பல்லு லூசு. ஒரு பக்கம் திருப்பனா புடிக்குது, திரும்பி வந்தா நழுவுது” என்று பெட்டியைக் கழற்றி, நெருக்கி வைத்து, திருகாணியை முறுக்கி, மறுபடி கோடிக்குக் கோடி திருப்பினாள். சிப்பாய் தரையில் ஊன்றி நின்றான், எந்தப் பக்கம் திருப்பினாலும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அடுத்த நிமிடம் கம்பெனி வேன் வந்தது, கேமராவோடு ஏறிப் போய்விட்டாள். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை இல்லை. அவர்களும் காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

ஆகவே அக்கா, சம்பந்தம் முறிந்தது முறிந்ததுதான். நீ வந்து எஸ்தர் அம்மாளிடம் நமக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். எலிசபெத்தைக் கண்டித்து இந்த வேலையை விடச்சொல்லவும் வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் பயந்தாவது கேட்பாள். காலை பஸ்ஸில் புதுச்சேரி வரும் தங்கராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு கிளம்பவும்.

அத்தானின் முழங்காலுக்கு மாதா துணையிருக்கட்டும். உன் காலுக்கும், பஸ் ஏறும்வரை.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
காஸ்பர்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் எஸ்தர் அம்மாள் போன் செய்தார். சாமுவேல் யோசித்துச் சொல்கிறானாம். “அவன் யோசிக்கட்டும், எனக்கு அந்தப் பொண்ணுதான் மருமவ. வேலைய மட்டும் யாரும் வுடச்சொல்லாதீங்க” என்றார். நாளை ஷூட்டிங் பார்க்க மகன் இல்லாமல் தனியாகவே சிங்கவரம் வருகிறாராம். அவரைத் தனியே விடுவது மரியாதையில்லை என்று நாங்களும் போகிறோம். ஆகவே அவசரப்பட்டு வராதே. வந்தால் வீடு பூட்டியிருக்கும், சாவி எதிர்வீட்டு விநாயகத்திடம்.