நூறு வருடத்துக் கோழி

“இதை இப்பவே அழிக்கச் சொல்லு உன் அண்ணனை!”

பல் தேய்த்த நுரை வாயில் இருக்க, தராசுக்காரர் கைப்பேசியை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். எடை அளவு ஆய்வாளர் என்ற உத்தியோகப் பெயர் நாக்கில் புரளாததால் சந்தையில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். குடும்பக் குழுவில் அவள் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, கணினியில் பழைய பத்திரிகைகளைத் தோண்டுவதே அவனுக்குப் பொழுதுபோக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரிகையின் ஒரு மூலை அது.

‘நெட்டையர் என்று வழங்கப்படும் ஆசாமி, கனம் ஜட்ஜ் துரையவர்களுடைய சமையற்காரனின் கோழியொன்றைத் திருடிய குற்றத்திற்காக மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பெற்றார்.’

“நெட்டையர்னா, கூடத்துல மாட்டியிருக்கிறவரா?”

“வேற யாரு? என் கொள்ளுத்தாத்தா!”

“துரையை எதிர்த்து ஜெயிலுக்குப் போனார்னு சொல்வீங்களே?”

“துரையை எதிர்த்துத்தான் போனார்!”

“இதுல கோழின்னு போட்டிருக்கே.”

அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். சந்தையில் எவன் எடையில் கைவைத்தாலும், ‘எங்க கொள்ளுத்தாத்தா துரைக்கே பயப்படாதவர், நீ எனக்கு எம்மாத்திரம்’ என்றுதான் அவர் அபராதச் சீட்டையே எழுத ஆரம்பிப்பார். இத்தனை வருட உத்தியோகமும் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் தோளில் ஏறி நடந்த உத்தியோகம். அவரைப் போய்க் கோழித் திருடன் என்றால் நாளைக்கு எந்த முகத்தோடு தராசைத் தொடுவது?

உடனே குழுவில் ஒரு முழ நீளத்துக்கு மறுப்பு எழுதிப் போட்டார். அதுவரை அந்தப் படத்தை வேறு ஒருவர்கூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. வழக்கமான காலை வணக்கம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். மறுப்பைப் பார்த்த பிறகு சொந்தபந்தம் மொத்தமும் மேலே போய்ப் படத்தைத் திறந்தது. பெரியம்மா மகன் ஒரு கோழிப் படத்தை அனுப்பினான். சின்ன மாமனார், ‘நாட்டுக்கோழியா?’ என்று அக்கறையாக விசாரித்தார்.

தராசுக்காரர் மச்சானைப் போனில் பிடித்தார்.

“உனக்கு வேற வேலையே இல்லையா மச்சான்?”

“நான் என்ன கையால எழுதினேனா மாப்பிள்ளை? பேப்பர்ல இருந்ததைப் போட்டேன். கோபம்னா பேப்பர்காரன்கிட்ட காட்டுங்க.”

அவன் வாய் தவறிச் சொன்னது. இவர் அதையே பிடித்துக்கொண்டார். அந்தப் பத்திரிகை கைமாறிக் கைமாறி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் ஆசிரியரின் மேஜைமுன் போய் நின்றார்.

“எப்போ வந்த செய்தி சார்?”

“நூறு வருஷத்துக்கு முன்னாடி.”

“அடடா, அந்த நிருபர் லீவுல இருக்காரே.”

“நையாண்டி வேணாம்! நேர்மையான குடும்பத்துமேல சேறு வாரிப் பூசியிருக்கீங்க. மறுப்புப் போடணும்.”

ஆசிரியருக்கு அன்றைக்குச் செய்திப் பஞ்சம் போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

“கண்டிப்பாப் போடறோம். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? கொஞ்சம் கோபமாப் பாருங்க.”

“நான் கோபமாத்தான் இருக்கேன்!”

“பிரமாதம். அப்படியே இருங்க.”

மறுநாள் முதல் பக்கத்திலேயே வந்தது: ‘கோழியைத் திருடவில்லை! எடை ஆய்வாளர் ஆவேசம்.’ கீழே தராசுக்காரரின் படம், பிடிபட்டவன் முழிப்பது போலவே. கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய சங்கதி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ஐந்தாம் பக்கம்வரை எவன் போகிறான்?

சந்தைக்குள் அவர் நுழைந்ததும் கோழிக்கடைக்காரர் கூண்டுகளை அவசரமாக உள்ளே இழுத்து வைத்தார்.

“என்னய்யா பண்றே?”

“தராசு சுத்தமா இருக்கு சார், எவ்வளவு நேரம் வேணும்னாலும் சோதிச்சுக்குங்க. கோழியை மட்டும் எண்ணி வச்சிருக்கேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. தராசுக்காரருக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. என்ன அநியாயம் இது! அபராதம் கட்டியவனெல்லாம் சிரிக்கிறான்!

“சிரிக்கிறியா? இந்தச் செய்தியைப் பார்த்துட்டு எங்க கொள்ளுத்தாத்தா சும்மா இருந்திருப்பார்னு நினைக்கிறியா? பொய்ப்பழின்னா எங்க வம்சத்துக்கே ரத்தம் கொதிக்கும். ஜெயில்லேருந்து வந்ததும் நேரா பேப்பர் ஆபீசுக்குத்தான் போயிருப்பார். மறுப்பு வந்தே இருக்கும்!”

“வரலைன்னா?”

“இனிமே உன் தராசைத் தொட மாட்டேன்!”

கோழிக்கடைக்காரர் கடையை அப்போதே சாத்திவிட்டுக் கூடவே கிளம்பினார். வழியில் மச்சானையும் இழுத்துக்கொண்டு மூவரும் நூலகத்துக்குப் போனார்கள். கணினியில் ஏறாத பழைய பத்திரிகைகள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன.

“சத்தம் போடாதீங்க சார்” என்றாள் நூலகப் பெண்.

“என் கொள்ளுத்தாத்தா மானம் போகுதும்மா!”

“அது நூறு வருஷமா இங்கதான் இருக்கு. எங்கேயும் போகாது. மெதுவாத் தேடலாம்.”

“தீர்ப்பு வந்த தேதியிலேருந்து மூணு மாசம் தள்ளிப் பாரு.”

அவள் தூசியைத் தட்டி, பொடிப்பொடியாக உதிரும் தாள்களைப் பதமாகப் புரட்டினாள். கோழிக்கடைக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். மச்சான் நகத்தைக் கடித்தான்.

“இருக்கு சார். ‘நெட்டையரின் மறுப்பு’ன்னே தலைப்பு.”

தராசுக்காரருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. மச்சானையும் கோழிக்கடைக்காரரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“நான் என்ன சொன்னேன்? இப்போ என்ன சொல்றீங்க ரெண்டு பேரும்? சத்தமாப் படிம்மா!”

“இது நூலகம் சார்.”

“இருக்கட்டும், படி! ஊரே கேக்கட்டும்!”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

“‘விடுதலையான நெட்டையர் நமது காரியாலயத்திற்கு நேரில் வந்து, மேஜையைக் குத்திச் சொன்னதாவது: ஏழைச் சமையற்காரனின் கோழியைத் திருடியதாக எழுதி, என் வம்சத்துக்கே தீராத அவமானம் உண்டாக்கிவிட்டீர். நான் திருடியது சாட்சாத் துரையின் வான்கோழியை!’”