எலியண்ணாவும் காங்கேயத்துத் தேங்காய்ப் பருப்பும்

கோயம்புத்தூரில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்களிலேயே, சொந்த மூளைக்கு ஒரு நாள்கூட வேலை கொடுக்காமல் டாக்டர் பட்டம் வாங்கியவர் எலியண்ணா ஒருவர்தான். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன். ஐந்து வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அனுபவித்தவள் நான்.

நாங்கள் இருவரும் ஒரே கைடிடம் மாட்டியிருந்தோம். நான் கண்ணாடித் தட்டில் நரம்பு செல் வளர்த்தேன். அவர் எலிகளை வைத்து ஞாபகசக்தி ஆராய்ச்சி செய்தார். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி, லேபில் எல்லோருக்கும் எலியண்ணாதான். ஊர் காங்கேயம். குடும்பத்துக்குத் தேங்காய் எண்ணெய் மில் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காந்திபுரத்தில் பஸ் இறங்கி, எண்ணெய் ஆட்டுகிற காய்ந்த தேங்காய்ப் பருப்பை ஒரு மஞ்சப்பை நிறையத் தூக்கிக்கொண்டு லேபுக்குள் நுழைவார்.

மனுஷனுக்கு எலியிடம்கூட மரியாதை. கூண்டைத் திறந்து, "வாங்க கண்ணு, இப்படிக்கா போங்க" என்பார். பெண் எலி என்றால் அம்மணி. என்னையும் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் நானும் எலியும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த நாட்கள் உண்டு. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அவருடைய புகழ் தனி. அவர் மாமா ஒருவர், வண்டிக்காளை வீட்டுக்கு வருகிற வழியை மறந்துவிடுகிறது என்று வைத்தியம் கேட்டாராம். வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவர் ஒரு பகல் முழுக்கக் காளையின் பின்னாலேயே நடந்துவிட்டு, தீனி சரியாக வைத்தால் தானாக வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். காளை வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். மரப்பலகையில் சந்து சந்தாகத் தடுத்து, ஒரு மூலையில் தீனித் துண்டு வைக்க வேண்டும். எலி முதல் நாள் வழி தெரியாமல் அலையும். பத்தாம் நாள் நேராகப் போய் எடுக்கும். எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொண்டே வந்தால் ஞாபகசக்தி எப்படி வளர்கிறது என்று தெரியும். ஆனால் எலியண்ணாவின் எலிகள் முதல் நாளும் ஓடவில்லை, பத்தாம் நாளும் ஓடவில்லை. நடுச்சந்தில் உட்கார்ந்து சாவகாசமாக முகம் கழுவின. வெளிச்சம் அதிகம் என்று விளக்கை மாற்றினார். மின்விசிறிச் சத்தம் என்று அதை நிறுத்தினார். கடைசியில் பலகையைக் கிழக்கு மேற்காகத் திருப்பியும் வைத்தார். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

பல்கலைக்கழகம் கடைசியாக ஓர் ஆண்டு அவகாசம் தந்தது. அதற்குள் எலி ஓடாவிட்டால் பதிவு ரத்து, அவர் மில்லுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். நாலு எண்களை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நானே அவரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஓடலீங்களே அம்மணி. ஓடுச்சுன்னு நான் எப்படீங்க எழுதறது?" என்றார். கோபம்கூட இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எரிச்சலில் அவருடைய நோட்டுகளை எல்லாம் வாங்கிப் புரட்டினேன். எலிகளின் எடையைத் தினமும் எழுதி வைத்திருந்தார். யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் பெருச்சாளி ஆகிற வழியில் இருந்தது. பசித்த எலிதானே தீனியைத் தேடி ஓடும்? தீனியைக் குறைக்க வேண்டும் என்று கைடு முதல் நாளே சொன்னாரே என்று பிடித்துக்கொண்டேன்.

"அவரு குடுத்த தீனியக் கொறச்சுப்போட்டேனுங்க. பருப்பு நம்மூட்டுதுங்க" என்றார். "பரீட்சைக்குப் போறவங்கள வெறும் வயித்தோட அனுப்பலாமுங்களா?"

மூன்று வருடமாக, பலகையில் விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு எலிக்கும் இரண்டு துண்டு தேங்காய்ப் பருப்பு கொடுத்துத்தான் விட்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். படித்த படிப்பு அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

புது எலிகள் வந்தன. தீனிப்பெட்டிச் சாவியும் மஞ்சப்பையும் என் கைக்கு வந்தன. தீனி குறைக்கிற நாட்களில் அவற்றின் முகத்தைப் பார்க்க முடியாது என்று காந்திபுரத்துக்குப் போய் ஏதாவது டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருவார். ஒரு நாள் வாடிப்போன முகத்தோடு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவங்க சாப்பிடாமல் இருக்கும்போது எப்படிங்க என்று முணுமுணுத்தார். எலியோடு சேர்ந்து பட்டினி கிடக்கிற விஞ்ஞானியை நான் அன்றுதான் பார்த்தேன். திட்டித் தீர்த்தேன். ஆனால் எலிகள் ஓடின.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று, வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். முதல் மூன்று வருடம் ஒரு எலிகூட ஏன் ஓடவில்லை? கைடு நெளிந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எலியண்ணாவையே பார்த்தேன். எலியண்ணா எழுந்து, "நாந்தானுங்க பருப்புப் போட்டுக் கெடுத்துப்போட்டேன். அதையும் ஒரு அத்தியாயமா எழுதியிருக்கேனுங்க" என்றார். பேராசிரியர் அந்த அத்தியாயத்தை எடுத்து எடைக் கணக்கை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டதெல்லாம் சின்னக் கேள்விகள்தான்.

பட்டம் உறுதி என்று அறிவித்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வராந்தாவில் சுவரோரமாக நின்றிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, காத்தால இருந்து சாப்பிடலீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். பயத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டு இரண்டு துண்டு பருப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அழுகையும் சிரிப்புமாக அங்கேயே நின்று கடித்தேன். அவ்வளவு ருசியாக நான் பிறகு எதையும் தின்றதில்லை.