சிகாகோக்காரி இரண்டு தடவைதான் கேட்டாள்

நார்ட்லி, மினசோட்டா
திங்கட்கிழமை காலை

அன்புள்ள தங்கை ஆர்டிஸுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் பேத்தி பிரிட்டாவும் சுகம். சமையலறை ஜன்னலின் பாதி வரை பனி நிற்கிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரர் கெர்மிட்டும் அரிசோனா வெயிலில் நலமாகத்தான் இருப்பீர்கள், வெயிலில் இருப்பவர்களுக்கு என்ன கேடு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, என்னை எட்டாவதோடு மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பியது அப்பா. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டா வேலையை விடவில்லை. என்னோடுதான் இருக்கப் போகிறாள். நேற்று ராத்திரி நான் குறட்டை விட்டுத் தூங்கினேனாம், அவளே சொன்னாள்.

என் மகன் ரோல்ஃப் கர்த்தரிடம் போனதிலிருந்து அந்தப் பெண் என் வீட்டில்தான் வளர்ந்தாள் என்பது உனக்குத் தெரியும். தானியக் கிடங்கு ஆபீஸில் நல்ல வேலை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ், கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித் தொடை. ஆனால் லீவு கிடைத்தால் போதும், காமிராவைத் தூக்கிக்கொண்டு ஐஸ்லாந்து, பெரு, போர்ச்சுகல் என்று கிளம்பிவிடுவாள். எடுத்த படத்தையெல்லாம் போனில் போடுவாள், முகம் தெரியாத யார் யாரோ இதயம் போடுவார்களாம். எனக்கு ஒரே ஒரு இதயம் இருக்கு, அதுவே ஒழுங்கா அடிக்கமாட்டேங்குது. போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், "பாட்டி, வேலையை விட்டுட்டு இதையே தொழிலாப் பண்ணலாமான்னு பாக்குறேன்" என்றாள். நான் உருளைக்கிழங்கைக் கொஞ்சம் வேகமாக நசுக்கினேன். "நம்ம சர்ச்சுல படத்தைக் காட்டுறேன். யாராவது ஒருத்தர், இதை வெச்சுப் பொழைச்சுக்கலாம்னு சொன்னா போறேன். இல்லேன்னா விட்டுடறேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

குளிர்காலத்து ஞாயிறுகளில் சர்ச்சுக்குக் கீழே இருக்கும் கூடத்தில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊர் சுற்றி வந்தவர்கள் படம் காட்டுவது உனக்கு மறந்திருக்காது. உன் கெர்மிட் 1979ல் கிராண்ட் கேன்யன் காட்டினாரே, ஒவ்வொரு படத்திலும் அவர் தலை நின்று பள்ளத்தாக்கையே மறைத்தது, பின்வரிசையில் இருந்த எனக்குக் கால் மரத்துப் போனது. அதை விடு. நேற்று நம்ம பிள்ளையின் முறை. படம் விழும் திரை கிழிந்துவிட்டதாம், மார்லிஸ் தன் மேஜை விரிப்பைக் கொண்டுவந்து கட்டினாள், என் லெஃப்ஸெ ரொட்டி தடிமன் என்று 1971ல் சொன்ன அதே மார்லிஸ்தான், அந்த விரிப்பு நடுவில் பெரிய குழம்புக் கறை, அதனால் ஐஸ்லாந்து வானம், பெரு வானம், போர்ச்சுகல் வானம் எல்லாவற்றிலும் பழுப்பாக ஒரே மேகம். பக்கத்து மாநிலம் அயோவாவைத் தாண்டாத கிழவர் ஆர்வில் காது மெஷினை வீட்டில் விட்டுட்டு வந்துட்டு, ஒவ்வொரு படத்துக்கும் "இது அயோவாவா?"ன்னு கத்துறார். போர்ச்சுகல் கடலைப் பார்த்தும் அயோவாவான்னு கேக்குறார்! பாதியில் படம் காட்டும் மெஷின் சூடாகி நின்றது, போதகர் அதை வாசலுக்குத் தூக்கிப் போய்ப் பனியில் வைத்துக் குளிரவிட்டுக் கொண்டுவந்தார். கடைசியில் எல்லாரும், "மோசமில்ல, பரவாயில்ல" என்றார்கள். நம்ம ஊரில் இதற்கு மேல் யாரும் யாரையும் புகழ்ந்ததில்லை, ஆனால் பொழைச்சுக்கலாம்னு யாரும் சொல்லலை. அப்பாடா என்று நான் கொண்டுபோன லெமன் பார் இனிப்பைத் துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த ஜானின் என்கிறவள் எழுந்தாள். போதகர் மனைவியின் சித்தி மகள், சிகாகோவில் காலண்டர் அடிக்கும் கம்பெனியில் பெரிய வேலை. அவளைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். லெமன் பார் எடுத்துக்கோன்னு நான் ஒரே ஒரு தடவை சொன்னேன், உடனே எடுத்துக்கிட்டா! அதுவும் ரெண்டு! அரிசோனா போய் உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன், நம்ம ஊரில் ஒரு வாய் காப்பி குடிக்க வைக்கவும் மூணு தடவை கேக்கணும். முதல் தடவை, ஐயோ வேணாம். ரெண்டாவது தடவை, உங்களுக்கு எதுக்குச் சிரமம். மூணாவது தடவை சொல்றதுதான் நிஜமான பதில்.

"இதெல்லாம் நீ எடுத்ததா?" என்றாள் ஜானின்.

"காமிராதான் எடுத்துச்சு, நான் சும்மா பட்டனை அமுக்கினேன்" என்றாள் பிரிட்டா. என்ன அடக்கம்! எனக்கே பெருமையாக இருந்தது.

"எங்க கம்பெனிக்கு வந்துடு. வருஷம் பூரா ஊர் ஊரா அனுப்பறோம். சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு."

எனக்குக் கத்தி கையில் நின்றுவிட்டது.

"ஐயோ, என்னைவிட நல்லா எடுக்கிறவங்க எவ்வளவோ பேர் இருப்பாங்க."

"நான் நிஜமாத்தான் கேக்கறேன். வர்றியா?"

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்."

கூடத்தில் ஒருத்தரும் மெல்லவில்லை. ஃபோர்க்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மூணாவது தடவைக்குக் காத்திருக்கிறார்கள். பிரிட்டா உதட்டில் சரி என்கிற வார்த்தை வந்து நிற்பது எனக்கே தெரிகிறது. அந்த ஜானின் என்ன செய்தாள் தெரியுமா? "விருப்பமில்லேன்னா கட்டாயப்படுத்தக் கூடாது. படமெல்லாம் அருமை" என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு, படியேறிப் போயே போய்விட்டாள்!

"போயிட்டாளா? நிஜமாவே போயிட்டாளா?" என்றாள் மார்லிஸ்.

"என்னது, அயோவாவா?" என்றார் ஆர்வில்.

"சிகாகோவுல எல்லாருக்கும் வேலை ஜாஸ்தி, மூணாவது தடவைக்கு நேரம் இருக்காது" என்று போதகர் சமாதானம் சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. மார்லிஸுக்கே ஒரு பார் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

வெளியே வந்து பிரிட்டா கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டினாள். "பாட்டி, நான் மரியாதையாத்தானே பேசினேன்?"

"நான் வளர்த்த பொண்ணு வேற எப்படிப் பேசும்?"

"அப்புறம் ஏன் அவங்க மறுபடி கேக்கல?"

"வளர்ப்பு சரியில்ல."

அவள் கண்ணாடி சுத்தமான பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தாள். குளிருக்கு நல்லதுதான், உடம்பு சூடாகும். இன்று காலை நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்கு வேலைக்குப் போனாள். முட்டையைத்தான் தொடவில்லை. சின்ன வயசு, ஒரு வாரத்தில் மறந்துவிடும். என் மனசு நிறைந்திருக்கிறது, ஆர்டிஸ். இனி அவள் இங்கேயே ஒரு நல்ல பையனைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருப்பாள்.

உன்னையும் கெர்மிட்டையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கெர்மிட்டின் முதுகு வலி நீங்க ஜெபிக்கிறேன், எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது.

இப்படிக்கு உன் அக்கா,
வெர்னா

பின்குறிப்பு: கடிதத்தோடு உனக்கு அனுப்பலாம் என்று பிரிட்டா எடுத்த படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். நேற்று யார் என்ன சொல்வார்களோ என்று ஜனங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் எந்தப் படத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஏதோ தீவில் மீன் வெட்டுகிற கிழவி, கத்தியை ஆட்டி நம்ம பிள்ளையைத் திட்டுகிறாள். ஆர்டிஸ், அது அம்மா! நாம கொட்டகைக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்தா ஒரு பார்வை பாப்பாளே, அச்சு அசல் அதே பார்வை. நான் எழுந்தே நின்னுட்டேன், கதவைச் சாத்த. நம்மகிட்ட இருக்கிற அம்மா போட்டோ எல்லாத்துலயும் அவ மரக்கட்டை மாதிரி உக்காந்திருப்பா. ஊர் பேர் தெரியாத கிழவியோட முகத்துல இவ அம்மாவைக் கொண்டுவந்துட்டா.

போதகர் மனைவிகிட்ட நம்பர் வாங்கிச் சிகாகோவுக்குப் போன் போட்டேன். "நான் பிரிட்டாவோட பாட்டி. நீ ரெண்டு தடவைதான் கேட்டே"ன்னேன்.

"அவதான் வேணாம்னு சொல்லிட்டாளே!"

"சொல்லத்தான் செய்வா. சொல்லாம எப்படி? சாயங்காலம் வீட்டுல இருப்பா, இன்னொரு தடவை கேளு."

சாயங்காலம் அந்த ஜானின் போன் போட்டுக் கேட்டுட்டா. "உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா சரிங்க"ன்னுட்டு பிரிட்டா கோட்டைக்கூடக் கழட்டாம தரையில உக்காந்துட்டா. ஈஸ்டர் முடிஞ்சதும் கிளம்புறா. அதனால மேலே எழுதினது எதுவும் இப்ப உண்மையில்லை. வேற பேப்பர் இல்லை, அப்படியே அனுப்புறேன்.

ராத்திரி சாப்பிடறப்ப, "பாட்டி, நீ தனியா இருந்துக்குவியா?"ன்னு கேட்டா. "எனக்கென்ன, நல்லா இருப்பேன்"னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டா. "உன் வேலையைப் பாரு, எனக்கு என்ன குறை"ன்னேன். மூணாவது தடவை கேக்க வாயைத் திறந்தா. நான் சட்டுனு எழுந்து போய், பாத்திரம் கழுவற குழாயைத் திறந்து விட்டுட்டேன்.